பிளாஸ்தவ்: சுதந்திரக் கலைஞனா, அரசாங்க ஓவியரா?

செங்காந்தள்:
ரஷ்ய ஓவியர் அர்க்காதி பிளாஸ்தவை (1893–1972) ‘யாருக்கும் வளையாத கிராமத்து ஓவியர்’ என்று இங்கே ஒருவர் புகழ்ந்திருந்தார். எனக்கு ஒப்பவில்லை. 1946இல் ஸ்டாலின் பரிசு, 1962இல் சோவியத் மக்கள் கலைஞர் பட்டம், 1966இல் லெனின் பரிசு. இத்தனையும் சோவியத் அரசிடம் வாங்கிக்கொண்டவர் வளையாதவராம்! 1937இல் வரைந்த ‘கூட்டுப்பண்ணைத் திருவிழா’வைப் பாருங்கள். மேசை நிறையச் சாப்பாடு, ஒரே கும்மாளம், எல்லாருக்கும் மேலே ஸ்டாலின் படம். 1932–33 சோவியத் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது.

மேய்ச்சல்காரன்:
அந்தப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் ஸ்டாலின் பரிசு எதற்குக் கிடைத்தது? ‘புல்லறுப்பு’, ‘அறுவடை’ இரண்டுக்கும். இரண்டும் 1945இல் வரைந்தவை. புல்லறுப்பில் காட்டுப்பூக்கள் கண்ணைப் பறிக்கும், சரி. நீளப்பிடி அரிவாளோடு நிற்பது யார்? ஒரு விடலைப் பையன், ஒரு பெண், வயதானவர்கள். அறுவடையில் வயலில் உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு கிழவரும் பிள்ளைகளும். அப்பன்மார் ஒருவரும் இல்லை. போர் அவர்களை என்ன செய்தது என்று அவர் எழுதிவைக்கவில்லை, ஆளையே வரையாமல் விட்டுவிட்டார்.

செங்காந்தள்:
ஆண்கள் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது என்பது அரசுக்குத் தேவையான சேதிதானே? அதனால்தான் பரிசு. சுதந்திரம் என்றால் ஓவியர் எஃபீம் செஸ்த்னியகோவைச் சொல்லுங்கள், கைதட்டுகிறேன். ரஷ்யாவில் கஸ்த்ரமா பக்கம் ஷாப்லவா கிராமத்து விவசாயி மகன். பீட்டர்ஸ்பர்க்கில் புகழ்பெற்ற ஓவியர் ரேப்பினிடம் படித்துவிட்டு ஊருக்கே திரும்பினார். களிமண் பொம்மைகளை வைத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். பரிசும் இல்லை, பட்டமும் இல்லை. 1961இல் இறந்தார். 1968இல் அருங்காட்சியகத்தார் போய்த் தேடியபோது ஓவியங்கள் ஊரார் வீடுகளில் கிடந்தன.

ஆற்றுமணல்:
குறுக்கே வருகிறேன். பேர் தெரியாமல் செத்தால்தான் சுதந்திரக் கலைஞன் என்றால் இது என்ன கணக்கு? பிளாஸ்தவும் மாஸ்கோவில் படித்துவிட்டு, சிம்பிர்ஸ்க் பக்கம் தன் சொந்த ஊரான பிரிஸ்லோனிஹாவுக்குத்தான் திரும்பினார். 1931இல் வீடு தீப்பிடித்து அதுவரை வரைந்ததெல்லாம் ஏறக்குறையச் சாம்பல். அதற்குப் பிறகும் அங்கேயேதான், சாகும்வரை. அப்புறம் 1954இல் வரைந்த ‘வசந்தம்’. குளியல் குடிசை வாசலில் வைக்கோல்மேல் குந்தியிருக்கும் அம்மணமான இளம்பெண் ஒரு சிறுமிக்குத் தலைத்துணி கட்டிவிடுகிறாள், வெளியே பனி விழுகிறது. எந்தக் கட்சிக் கமிட்டி கேட்டு வரைந்த படம் இது?

செங்காந்தள்:
1954! ஸ்டாலின் இறந்தது 1953 மார்ச்சில். அவர் போன பிறகு வரைந்ததைக் காட்டித் துணிச்சல் என்கிறீர்களே, சார்.

மேய்ச்சல்காரன்:
சரி, 1942க்கு வாருங்கள். ‘பாசிச விமானம் பறந்து போனது’. இலையுதிர்காலப் புல்வெளி, மஞ்சள் பூத்த பிர்ச் மரங்கள். மாடு மேய்த்த பையன் முகம் குப்புறக் கிடக்கிறான், பக்கத்தில் நாய் ஊளையிடுகிறது. விமானமோ தூரத்தில் ஈ அளவுதான். பாசிசத்துக்கு எதிரான படம் என்பதால் அரசு அதை ஏற்றுக்கொண்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு செம்படை வீரன் உண்டா, ஒரு கொடி உண்டா, பழிவாங்குவோம் என்று கையை முறுக்கும் ஆள் உண்டா? இருந்தால் காட்டுங்கள், மேலே பேசுவோம்.