கேஸ் கைமாறும்போது குழந்தையிடம் என்ன சொல்கிறீர்கள்?

குழந்தைகள் நலப் பணியில் இருப்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும். ஏழு வருடம் களப்பணி பார்த்துவிட்டு, இரண்டு மாதமாகத் தலைமை கேஸ் மேனேஜராக இருக்கிறேன். எனக்குக் கீழே ஆறு பேர். கோர்ட் அறிக்கை, மறு ஆய்வுத் தேதி எல்லாம் எப்படியோ சமாளித்துவிடுகிறேன்.

இப்போது அதில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். இன்னும் பத்து நாள்தான். ஃபைலை ஒரே நாளில் கை மாற்றிவிடலாம். ஆனால் வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் ஒரு சிறுமி, "புதுசா வர்றவங்ககிட்டயும் முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 12-வது பிரிவில் சொல்கிறது. அதை மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவளே நான்தான்!

பழையவரும் புதியவரும் இரண்டு முறையாவது சேர்ந்து போய்வரட்டும் என்று நினைக்கிறேன். எதற்குப் பயப்படுவாள், எந்தப் பேச்சை எடுத்தால் வாயை மூடிக்கொள்வாள் என்பதெல்லாம் ஃபைலில் இருக்காதே. பத்து நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் இது முடியாது. யாருக்கு முதலில் செய்வீர்கள்?

அப்புறம், கேஸ்களை எண்ணிக்கை பார்த்துப் பிரிப்பதா, கனம் பார்த்தா? அண்ணனும் தங்கையும் வேறு வேறு வீட்டில் இருக்கும் கேஸ் கணக்கில் ஒன்றுதான். வேலை மூன்று மடங்கு. எடை போட ஏதாவது முறை வைத்திருந்தால் சொல்லுங்கள். குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி மட்டும் எதையும் எழுத வேண்டாம்.