ஏ பாசிட்டிவ் என்றால் சிறுநீரகப் புற்றுநோயில் ஆபத்து கூடுதலா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, போன மாதம் இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள், கட்டி 5 செ.மீ. தூக்கம் வராமல் இணையத்தில் துழாவியதில், ஓ வகை ரத்தக்காரர்கள்தான் அதிக நாள் இருக்கிறார்கள் என்று படித்துத் தொலைத்தேன். அப்பா ஏ பாசிட்டிவ். உண்மையா?

பதில் 1: 2012-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு அப்படிச் சொன்னது, சரி. அப்புறம் வந்த வேறு ஆய்வில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்ததா, ரத்தக்குழாய்க்குள் நுழைந்ததா, கிரேடு (புற்றணுக்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற அளவு) என்ன, இவைதான் முக்கியம். 7 செ.மீ.க்குள் இருந்து எங்கும் பரவவில்லை என்றால் முதல் நிலை. பயாப்சி ரிப்போர்ட் கையில் இருக்கிறதா?

பதில் 2: பரவிய நோய் எப்படிப் போகும் என்று கணிக்க டாக்டர்கள் போடும் ஐஎம்டிசி என்ற கணக்கில்கூட ஹீமோகுளோபின், கால்சியம், தட்டணு எல்லாம் உண்டு, ரத்த வகைக்கு இடமே கிடையாது. மாற்ற முடியாத ஒன்றை நினைத்து ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?

கேட்டவர்: கிரேடு 2, வெளியே பரவவில்லை என்று போட்டிருக்கிறது.

பதில் 1: நல்ல செய்திதானே! ஸ்கேன் தேதியைத் தவறவிடாதீர்கள், இருக்கிற ஒரு சிறுநீரகத்துக்காக பிரஷரையும் கிரியாட்டினினையும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொள்ளுங்கள். சிகரெட் உண்டா அப்பாவுக்கு?