புதுப்பிப்பு: கைவேலை வாரம் முடிந்தது

19 பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளியில் ஒரு வாரம் புத்தகத்தை மூடிவைத்து, கைவேலையாகவே நடத்தலாமா என்று போன மாதம் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். நடத்தியாயிற்று.

முதல் நாள் களிமண், சொதப்பல். செய்த யானைகளை வெயிலில் வைத்தேன். மதியத்துக்குள் எல்லாம் வெடித்துவிட்டன. மறுநாள் நீங்கள் சொன்னபடி மணல் கலந்து பிசைந்து, நிழலில் உலர்த்தினோம். தப்பித்தன (தும்பிக்கைகள் தவிர).

கோலம்தான் நான் எதிர்பாராதது. 7 புள்ளி, ஊடுபுள்ளி 4 வரை (நடுவரிசையில் 7, அதன் இருபுறமும் வரிசைக்கு ஒன்று குறைந்து 4 வரை). மொத்தம் எத்தனை புள்ளி என்றேன். எல்லாரும் விரல்விட்டு எண்ண, மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி 6, 5, 4-ஐக் கூட்டி, இரண்டு மடங்காக்கி, நடுவரிசை 7-ஐயும் சேர்த்து 37 என்றாள். வாய்ப்பாட்டில் திணறுகிற பிள்ளை!

"எப்போ பாடம் எடுப்பீங்க டீச்சர்?" என்று கேட்ட அவள் அம்மாவிடம் அந்தக் கோலத்தைக் காட்டினேன். அப்புறம், பனையோலைக் காற்றாடியும் நன்றாகவே சுற்றியது.