செங்கல் முகப்புச் சுவரில் ஜன்னலோரம் நீர் இறங்காமல் இருக்க என்ன செய்வது?

ஏற்காட்டுவாசி:
வணக்கம். ஏற்காட்டில் கட்டிவரும் எங்கள் வீட்டின் சிமென்ட் கல் சுவருக்கு வெளியே, ஓர் அங்குல இடைவெளி விட்டு, நாலரை அங்குலத்தில் முகப்புச் செங்கல் சுவர் எழுப்பவிருக்கிறோம். யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல்களை உள்சுவரில் பொருத்தியாயிற்று. ஜன்னல் சட்டத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே கலவை அடைத்து, அதன்மேல் சிலிகான் பூசினால் போதும் என்கிறார் மேஸ்திரி. சாரல் பக்கவாட்டில் அடிக்கும் மலையில் இது தாங்குமா?

சேலம் கட்டடப் பொறியாளர்:
தாங்காது ஐயா. செங்கல்லும் கலவைச் சந்துகளும் நீரை உறிஞ்சுபவை. தொடர்மழையில் அந்த நீர் செங்கல்லின் உட்புறமாக இடைவெளியில் வழிந்து, ஜன்னலின் தலைமாட்டில் வந்து தேங்கும். ஆகவே வெளிப்பூச்சை மட்டும் நம்பாமல், உள்ளே வந்த நீர் வெளியேற வழி விட வேண்டும். உள்சுவரில் பியூட்டைல் நாடாவை (நீர் புகாத, ரப்பர் போன்ற ஒட்டு நாடா) முதலில் ஜன்னலின் அடியிலும், பிறகு இரு பக்கங்களிலும், கடைசியாக மேலேயும், ஓடு வேய்வதைப் போல மேலுள்ளது கீழுள்ளதன்மீது படியுமாறு ஒட்டுங்கள். அடி நாடா சட்டத்துக்குக் கீழே போக வேண்டும் என்பதால், திருகாணிகளைக் கழற்றி ஜன்னலை ஒருமுறை வெளியே எடுப்பதே நல்லது. வேலை இரட்டிப்புதான், செங்கல் எழும்பிய பிறகோ அதுவும் முடியாது.

ஜன்னலுக்கு மேலே, வெளிச்சுவரின் லிண்டல் (திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் உத்தரம்) மீது, துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வெளிப்புறம் சரியுமாறு பதித்து, அதன் பின்விளிம்பை உள்சுவரில் மடித்து ஏற்றி, மேலே நாடாவால் மூடுங்கள். தகட்டின்மேல் அமரும் முதல் வரிசையில், நீர் வெளியேறுவதற்காக, இரண்டடிக்கு ஒரு செங்குத்துச் சந்தைக் கலவையின்றி விடுங்கள். அலுமினியத் தகடு வேண்டாம். ஈரச் சிமென்ட் அதை அரித்துவிடும்.

சேர்வராயன் மலைக்காரர்:
அந்தச் சந்துகள் வழியே எறும்பு வருகிறதென்று நானே அவற்றை அடைத்துவிட்டு, ஐப்பசி அடைமழையில் படுக்கையறைச் சுவர் ஊறிப் பூச்சு உதிர்ந்ததைப் பார்த்தவன். இப்போது கம்பிவலை வைத்திருக்கிறேன். செங்கல் அடுக்கும்போது இடைவெளிக்குள் கலவை விழுந்தாலும் இதே கதைதான். தினமும் மாலையில் கிளறி எடுக்கச் சொல்லுங்கள்.

ஏற்காட்டுவாசி:
மிக்க நன்றி. ஜன்னல்களைக் கழற்றச் சொல்லிவிட்டேன். அப்படியானால் சிலிகானே தேவையில்லையா?

சேலம் கட்டடப் பொறியாளர்:
பக்கவாட்டில் தேவை. சட்டத்துக்கும் செங்கல்லுக்கும் இடையே சுமார் 10 மி.மீ. விட்டு, நுரைக்கயிற்றைத் திணித்து, அதன்மேல் சிலிகான் இடுங்கள். கலவை அடைத்தால் வெயிலில் சட்டம் விரியும்போது வெடிக்கும். மேல்தகட்டின் முன்விளிம்பில் மட்டும் எதையும் பூசக் கூடாது. உள்பூச்சுக்கு முன் குழாய் நீரை அடியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே அடித்துப் பாருங்கள். எந்த உயரத்தில் அடிக்கும்போது உள்ளே கசியத் தொடங்குகிறதோ, பழுது அங்கேதான்.