ப்ராஜெக்ட் முடிய மூன்று மாதம்தான் இருக்கிறது, நீட்டிப்பு எப்படிக் கேட்பது?

கயல்விழி_ஆய்வகம்:
ஒரு நிதி நிறுவனத்தின் பணத்தில் நடக்கும் மூன்று வருட ஆய்வு ப்ராஜெக்ட். முக்கியமான கருவி ஏழு மாதம் தாமதமாக வந்தது, வந்த பிறகும் கேலிப்ரேஷன் (அளவு சரியாகக் காட்டும்படி கருவியைச் சீரமைப்பது) சரியாக அமைய ஆறு வாரம் போய்விட்டது. 120 மாதிரிகளில் 70 தான் அளந்திருக்கிறோம். கணக்கில் பணம் மீதி இருக்கிறது. "செலவாகாத நிதி இருப்பதால் ஓராண்டு நீட்டிப்பு தேவை" என்று எழுதினால் போதுமா? எங்கள் போஸ்ட்டாக்கின் (முனைவர் பட்டம் முடித்துவிட்டு எங்களிடம் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆய்வாளர்) சம்பளமும் இதிலிருந்துதான் போகிறது, அதை நினைத்தால் தூக்கமே வருவதில்லை.

நான்காம்மாடி:
அந்த வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள்! மீதிப் பணத்தைச் செலவழிப்பதற்காக நீட்டிப்பு கிடையாது என்று ஆய்வுகளுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்எஸ்எஃப்பின் விதியிலேயே இருக்கிறது, மற்ற இடங்களிலும் இந்தக் காரணம் பெரும்பாலும் எடுபடாது. மிச்சமிருக்கும் வேலையைச் சொல்லுங்கள். 50 மாதிரி பாக்கி, வாரத்துக்கு மூன்று முடியும் என்றால் 17 வாரம், அப்புறம் பகுப்பாய்வுக்கும் கட்டுரைக்கும் நான்கு மாதம், ஆக மொத்தம் எட்டு மாதம், அதில் மூன்று மாதம் இன்னும் கையில் இருக்கிறது. அப்படியானால் ஆறு மாதம் கேட்டாலே போதும். கருவிக்கு ஆர்டர் போட்ட தேதி, வந்து சேர்ந்த தேதி இரண்டையும் ஆவணத்தோடு இணையுங்கள்.

கணக்குப்பிரிவு:
பல்கலைக்கழக நிதிப் பிரிவில் இருக்கிறேன், இதே விண்ணப்பங்களைத்தான் தினமும் பார்க்கிறேன். கடிதத்தை நீங்களே நேராக அனுப்பாதீர்கள், அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். கடைசி நாள் விதி ஒவ்வொரு நிதி நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி இருக்கும். என்எஸ்எஃப்பில் முதல் நீட்டிப்பை 12 மாதம் வரை பெரும்பாலும் பல்கலைக்கழகமே கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் முடிவுத் தேதிக்கு 10 நாள் முன்பாவது தெரிவித்துவிட வேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 45 நாள் முன்பே அவர்களிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டறிக்கை பாக்கி இருந்தால் ஃபைல் நகராது.

இன்னொன்று, தேதிதான் நீளும், பணம் நீளாது. மீதித் தொகையைப் போஸ்ட்டாக்கின் மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள், எத்தனை மாதம் தாங்கும் என்று தெரிந்துவிடும். நீட்டிப்பு வந்தவுடன் அவருடைய வேலை ஒப்பந்தம் தானாக நீளாது, அதற்குத் தனி ஆணை வேண்டும். அறநெறிக் குழு அனுமதி, கூட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் இவற்றின் தேதியையும் பாருங்கள். முடிவுத் தேதிக்கு நான்கு நாள் கழித்துப் போட்ட ஒரே ஒரு ரசாயன ஆர்டரால் ஒரு பேராசிரியர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், கடைசியில் துறையின் பணத்திலிருந்துதான் கட்டினார்கள்.

மழைக்கால_முனைவர்:
அந்தப் போஸ்ட்டாக்கிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள், தயவுசெய்து. நான் அந்த இடத்தில் இருந்தவள். நீட்டிப்பு கேட்டிருக்கிறார்கள் என்பதே ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது, அதற்குள் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன்.

கயல்விழி_ஆய்வகம்:
எல்லோருக்கும் நன்றி. வகுத்துப் பார்த்தேன், ஐந்து மாதச் சம்பளத்துக்குத்தான் பணம் இருக்கிறது. பயணச் செலவுக்கு ஒதுக்கியதை மாற்ற முடியுமா என்று நாளைக்கு அலுவலகத்தில் கேட்கிறேன். போன வருட அறிக்கையும் பாக்கி, அதை இன்று ராத்திரியே முடிக்கிறேன். போஸ்ட்டாக்கிடம் சொல்லிவிட்டேன்.