பைரியை வேட்டையாட ஏதாவது உண்டா?

புல்வெளி:
பெரெக்ரின் ஃபால்கன், அதாவது பைரி, பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுமாம். புறா, வாத்து எல்லாம் அதற்கு இரை. சரி, அதையே அடித்துத் தின்னும் பிராணி உண்டா? இவ்வளவு வேகம் இருந்தும் எப்படி மாட்டிக்கொள்கிறது?

நெய்தல்:
உண்டு. முதல் எதிரி பெரிய ஆந்தைகள். நான் இருப்பது நியூ ஜெர்சியில். இந்தப் பக்கம் பைரிகளை மீட்ட வேலையையே ஆந்தைதான் திசைதிருப்பியது.

டிடிடி பூச்சிமருந்து இரைப் பறவைகள் வழியாகப் பைரியின் உடம்பில் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்தாலே நொறுங்கியது. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்கில் குஞ்சு பொரிக்கும் ஜோடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1972-ல் மருந்துக்குத் தடை வந்தது. அப்புறம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பறவை ஆய்வாளர் டாம் கேட் குழுவினர் கூண்டில் வளர்த்த குஞ்சுகளைப் பழைய பாறை முகடுகளில் விட்டார்கள். பறக்கப் பழகும் வயது, காவலுக்குத் தாய் தகப்பன் கிடையாது. கொம்பு ஆந்தை இருட்டில் சத்தமில்லாமல் வந்து தூக்கிக்கொண்டு போனது. அந்தப் பாறைகளைக் கைவிட்டு, ஆந்தை நடமாட்டம் குறைந்த கடலோரச் சதுப்பில் கோபுரம் நட்டு விட ஆரம்பித்தார்கள். 1980-ல் நியூ ஜெர்சி சதுப்பில் ஒரு ஜோடி கூடு வைத்தது. இன்று பாலங்களிலும் உயர்ந்த கட்டடங்களிலும் இருக்கின்றன.

வேகம் எப்போது உதவும் என்று பாருங்கள். பகல் வெளிச்சம் வேண்டும், திறந்த வானம் வேண்டும், இரைக்கு மேலே உயரம் வேண்டும். இரவில் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் பைரிக்கு இந்த மூன்றும் இல்லை. எடையும் ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே, அவ்வளவுதான்.

சாப்பிடும்போது அதைப் பைனாகுலரில் பாருங்கள். மேல் அலகின் ஓரத்தில் பல் மாதிரி ஒரு முனை இருக்கும்; அதைக் கழுத்தில் பதித்து முள்ளெலும்பை முறிக்கும். பிறகு இறக்கையை விரித்து இரையை மூடிக்கொண்டு இறகைப் பிடுங்கும். இரண்டு மூன்று பிடுங்கல், உடனே தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கும். மறுபடி பிடுங்கல், மறுபடி வானம். கழுகு வந்தால் இரை போய்விடும் என்று அதற்குத் தெரியும்.

கழுகுமலை:
பைரியும் வல்லூறு இனம்தான்; அதே இனத்து அமூர் வல்லூறை மனிதர்களே வேட்டையாடியதையும் சொல்ல வேண்டும். ஈசலும் தும்பியும் பிடிக்கிற சின்னப் பறவை. சைபீரியா பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவின் தெற்குவரை போகிறது. 2012-ல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் வலை கட்டி ஆயிரக்கணக்கில் பிடித்துக் கறிக்கு விற்றார்கள். அடுத்த வருஷமே பாங்தி முதலான ஊர்க்காரர்கள் வேட்டையை நிறுத்தினார்கள். அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

புல்வெளி:
நன்றி நெய்தல். வளர்ந்த பைரியைப் பகலில் எதுவும் தொடாதா?

நெய்தல்:
பொன்னிறக் கழுகு அடிக்கும். வல்லூறுகளுக்குள்ளேயும் ஒன்றையொன்று அடிப்பது உண்டு; கெஸ்ட்ரல் மாதிரிச் சின்ன வகையைப் பைரியே தின்றுவிடும். குஞ்சுகளில் பாதிக்கு மேல் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை. அதற்குப் பசியும் கண்ணாடிச் சுவர்களும்கூடக் காரணம். ஆனால் கூட்டில் குஞ்சு இருக்கிற மாதங்களில் வெண்தலைக் கழுகு பக்கத்தில் வரட்டும், தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள அதன் முதுகில் பைரி ஜோடி மாறி மாறிப் பாய்ந்து அடித்து விரட்டும்.