கலைச்சொல் உதவி: ஆர்கெஸ்ட்ரல் ராக்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சிற்றிதழுக்காக யெஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1968இல் லண்டனில் தொடங்கிய குழு. ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்துக்கொண்டு 1970இல் ஓர் ஆல்பம், 2001இல் ஓர் ஆல்பம் போட்டார்கள். நடுவில் 31 வருடம். இரண்டு தடவையும் அதையொட்டிக் குழுவில் ஓர் ஆள் குறைந்தார். கட்டுரையே அதைப் பற்றித்தான்.

"ஆர்கெஸ்ட்ரல் ராக்" என்றே எழுதி அனுப்பினேன். மெய்ப்பு பார்த்தவர் ஓரத்தில் "கல்யாணக் கச்சேரியா?" என்று கேட்டிருந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் மண்டபத்தில் ஒரு கீபோர்டு, ஒரு பேட், இரண்டு பாடகர்கள், பந்தி முடியும்வரை பாட்டு. வயலினும் செல்லோவும் கொம்புமாக எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருக்கும் காட்சி யார் மனதிலும் எழாது.

ஆர்கெஸ்ட்ராவைச் சிலர் "பல்லியம்" என்று எழுதுகிறார்கள். அப்படியானால் "பல்லிய ராக்" எடுபடுமா?

– க.

---

க. அக்கா,

"பல்லிய ராக்" எண்டு வாசிச்சதும் சுவரில ஓடுற பல்லிதான் கண்ணுக்குள்ள வந்தது, குறை நினைக்காதேங்கோ. பல்லியைத் துரத்திவிட்டாலும் "இயம்" நிக்குது. மார்க்சியம், பெண்ணியம் எண்டு பழகின கண்ணுக்குப் பல்லியம் பல் வைத்தியர்மாரின்ர கொள்கை மாதிரித் தெரியும். பெரிசா இருக்கட்டும் எண்டு "பேரியம்" போட்டுப் பாத்தன். அது ஏற்கனவே இரசாயனப் புத்தகத்தில ஒரு மூலகம்!

இங்க மட்டக்களப்பில, கிழக்குப் பல்கலைக்கழகத்தில, எங்கட பறை, மத்தளங்களை வைச்சு உருவாக்கின அணியை "இன்னியம்" எண்டு சொல்லுவினம். நல்ல சொல். ஆனா அது நடந்து போற அணி. நீங்கள் சொல்லுறது கதிரையில இருந்து தாளைப் பாத்து வாசிக்கிற கூட்டம்.

சொல்லை விடுங்கோ. அந்த இரண்டு ரொக் அல்பத்திலயும் இந்தக் கூட்டம் என்ன வேலை செய்யுது? பக்கவாத்தியமா, இல்லாட்டி சரிசமனா இருக்கிற ஆக்களா? அது தெரியாமச் சொல் கட்டினா பிறகும் உடைக்கத்தான் வேணும்.

– சி.

---

சி., நல்ல இடத்தில் பிடித்தாய். அங்கேதான் எனக்கும் சிக்கல்.

பக்கவாத்தியம் என்று எழுதி அடித்துவிட்டேன். பக்கவாத்தியக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்து, அவர் விட்ட இடத்தை எடுத்து, கடைசியில் தனி ஆவர்த்தனமும் வாசிப்பார். இங்கே அப்படியில்லை. 1970 ஆல்பத்தில் பல்லியத்துக்கு எழுதிக் கொடுத்தவர் டோனி காக்ஸ். ஹெட்போனில் இடது காது, வலது காது என்று பிரித்துக் கேட்டுப் பார்த்தேன். கிட்டாரும் ஆர்கனும் நிற்க வேண்டிய இடங்களில் வயலின்களும் பித்தளைக் கருவிகளும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. முதல் பாட்டிலேயே ஒரு பழைய கௌபாய் படத்தின் முகப்பு இசையை எடுத்துக்கொண்டு தடதடவென்று நுழைகிறது பல்லியம். அந்த நேரத்தில் கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

கிட்டார்காரர் பீட்டர் பேங்க்ஸுக்கு இது பிடிக்கவே இல்லை. ஆல்பம் கடைக்கு வருமுன் அவரைக் குழுவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அமெரிக்கப் பதிப்பின் அட்டைப் படத்தில் நிற்பவர் அவருக்குப் பதிலாக வந்த ஸ்டீவ் ஹௌ. உள்ளே ஒரு சுரம்கூட அவர் வாசித்ததில்லை! வாசித்தவர் படத்தில் இல்லை, படத்தில் இருப்பவர் வாசிக்கவில்லை.

2001 கதை இதற்கு நேர் எதிர். முந்தைய வருடச் சுற்றுப்பயணத்தோடு கீபோர்டுக்காரர் போய்விட்டார். மிஞ்சியவர்கள் நால்வர்: ஆண்டர்சன், ஹௌ, ஸ்க்வையர், ஒயிட். கீபோர்டால் பேர் வாங்கிய குழு அது. அந்த நாற்காலிக்கு இன்னோர் ஆளைத் தேடாமல் ஒரு பல்லியத்தையே உட்கார வைத்தார்கள். பல்லியத்துக்கு எழுதியவர் லாரி குரூப்பே, சினிமா இசையில் இருப்பவர். அங்கே பல்லியம் யாரையும் தள்ளவில்லை, காலியான இடத்தில் ஐந்தாவது ஆளாக இருக்கிறது. ஆனால் அதே ஆல்பத்தோடு மேடை ஏறியபோது பல்லியமும் கூட வர, டாம் பிரிஸ்லின் என்ற இளைஞரைக் கீபோர்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். பழைய பாட்டுகளுக்கு வேறு வழியில்லை போலும்.

ஒரே குழு, ஒரே வகைப் பெயர், செய்கிற வேலை மட்டும் வேறு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பையில் போடுகிறது. நாமும் அப்படியே போட வேண்டுமா?

– க.

---

அன்புள்ள க., சி.,

பல்லியத்தைப் பல்லிக்குப் பயந்து கைவிட வேண்டாம். பல் இயம், பல கருவிகள், அவ்வளவுதான். திருமுருகாற்றுப்படையில் "அந்தரப் பல்லியம் கறங்க" என்று வருகிறது. புறநானூற்றில் யாழையும், ஆகுளி, பதலை என்ற பறைகளையும் கட்டிக்கொண்டு புறப்படலாமா என்று ஆடல்மகளான விறலியிடம் கேட்கிற பாட்டைப் பாடியவர் பெயரே நெடும்பல்லியத்தனார். "இயம்" கொள்கைக்குப் பின்னொட்டாக வந்தது நேற்று. அதற்காகப் பழைய குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்வது நியாயமில்லை.

சி. கேட்ட கேள்விக்குச் சிலப்பதிகாரத்திலேயே விடை இருக்கிறது. அரங்கேற்று காதையில் மாதவி ஆடும்போது கருவிகள் நிற்கிற முறையைப் பாருங்கள்:

குழல்வழி நின்றது யாழே, யாழ்வழித்
தண்ணுமை நின்றது தகவே, தண்ணுமைப்
பின்வழி நின்றது முழவே, முழவொடு
கூடிநின்று இசைத்தது ஆமந்திரிகை

மூன்று தடவை "வழி நின்றது". நாலாவது மட்டும் "முழவொடு கூடி நின்று". ஒன்றன் பின்னால் போவது வேறு, ஒன்றோடு சேர்ந்து நிற்பது வேறு என்று இளங்கோ பிரித்தே வைத்திருக்கிறார். ஆகவே என் முன்மொழிவு:

வகைக்குப் பொதுப்பெயர் பல்லிய ராக். ராக் குழுவின் பின்னால் பல்லியம் போனால் வழிப்பல்லியம். குழுவோடு ஒரு கருவியாகச் சேர்ந்து நின்றால் உடன்பல்லியம்.

இன்னொன்று. கட்டுரையில் கண்டக்டரை "நடத்துநர்" என்று எழுதிவிடாதீர்கள். டிக்கெட் கேட்பார். "பல்லிய நெறியாளர்" போதும்.

– மு.

---

ஐயா, வழி, உடன் இரண்டும் அருமை. ஆனால் எனக்குப் பிடித்த ஆல்பம் இரண்டிலும் அடங்க மாட்டேன் என்கிறதே.

டீப் பர்பிள் என்ற ராக் குழு. 1969 செப்டம்பர் 24, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். ராயல் ஃபில்ஹார்மோனிக் பல்லியம், நெறியாளர் மால்கம் அர்னால்ட். ஆர்கன் வாசிக்கும் ஜான் லார்ட் எழுதிய மூன்று பகுதிக் கான்செர்ட்டோ, அதாவது தனித்து வாசிப்பவர்களும் பல்லியமும் சேர்ந்து வாசிக்கிற நீண்ட இசைப்படைப்பு. முதல் பகுதியில் குழுவும் பல்லியமும் வேண்டுமென்றே மோதிக்கொள்கின்றன. பல்லியம் ஏதோ சொல்லி முடிக்குமுன் கிட்டார் குறுக்கே பாய்கிறது. இதில் யாரும் யார் வழியும் நிற்கவில்லை, கூடியும் நிற்கவில்லை. "எதிர்ப்பல்லியம்" என்று மூன்றாவதாக ஒன்று வேண்டும். வேடிக்கை என்னவென்றால் மேடையில் எழுதி வைத்த மோதல் குழுவுக்குள்ளும் இருந்தது. இந்த வழியில் போக கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோருக்கு விருப்பமில்லை. 1970இல் வந்த அடுத்த ஸ்டூடியோ ஆல்பத்தில் பல்லியத்தின் வாசனையே கிடையாது. அந்தக் கான்செர்ட்டோவின் இசைக்குறிப்பும் அதே வருடம் தொலைந்துபோனது. பதிவைக் கேட்டுக் கேட்டுத் திரும்ப எழுதி, 1999இல் அதே அரங்கில் மறுபடி வாசித்தார்கள்.

எமர்சன், லேக், பாமர் என்ற மூவர் ராக் குழு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1977இல் இரட்டை ஆல்பம், நாலு பக்கம். ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள், நாலாவதில்தான் மூவரும் ஒன்றாக. எமர்சனின் பக்கம் முழுக்கப் பியானோ கான்செர்ட்டோ. அதற்கு லண்டன் ஃபில்ஹார்மோனிக்கை நெறிப்படுத்தியவர் கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயர். இதற்குப் புதுச்சொல் எதற்கு? தனி ஆவர்த்தனம் என்று நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது, அந்தக் குத்தலோடு சேர்த்து. அந்த வருடம் சுமார் எழுபது பேர் பல்லியத்தோடு அமெரிக்கா சுற்றக் கிளம்பி, செலவு கட்டாமல் சில வாரங்களில் அவர்களை அனுப்பிவிட்டு மூவராகத் தொடர்ந்தார்கள்.

– ர.

---

மு. ஐயா, ர., சி., நன்றி. உடன்பல்லியத்தை 2001க்கு எடுத்துக்கொள்கிறேன். எதிர்ப்பல்லியம் டீப் பர்பிளுக்கு ஓர் அடிக்குறிப்பில் போகும்.

1970தான் இடிக்கிறது. அங்கே பல்லியம் குழுவின் வழி நிற்கவில்லை, கிட்டார்தான் பல்லியத்தின் வழி நிற்க நேர்ந்தது. அதனால் அந்த இடத்தில் பெயரே வைக்காமல் வாக்கியமாக எழுதிவிட்டேன்: "பல்லியம் வந்தது, கிட்டாருக்கு இடம் இல்லாமல் போயிற்று, அடுத்து கிட்டார்காரருக்கும்."

சி., பல்லியை விரட்ட முதல் தடவை மட்டும் "பல்-இயம்" என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். மெய்ப்பு பார்ப்பவர் அந்தக் கோட்டை அழிக்காமல் இருக்க வேண்டும்.

– க.

---

அழிப்பார். முன்கூட்டியே ஒரு போன் போட்டுச் சொல்லி வையுங்கள்.

– மு.